பெசன்ட் அம்மையாரிடமிருந்து மகளைப் பறித்த சட்டம்

சென்னையில் காலேஜ் படித்த காலத்தில் 29சி பஸ்ஸின் முன்பலகையில் தினமும் பார்த்த பெயர், பெசன்ட் நகர். யார் அந்தப் பெசன்ட் என்று அப்போது கேட்டிருந்தால், யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மா, சுதந்திரப் போராட்டத்தில் இருந்தவர், அடையாறு ஆலமரத்துக்கும் அவருக்கும் ஏதோ தொடர்பு என்று சொல்லியிருப்பேன். ஹோம் ரூல் இயக்கம் என்ற ரெண்டு மார்க் கேள்விக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

வேலைக்காக லண்டன் வந்த பிறகு ஒரு நாள், தெற்கு லண்டனில் ஜிப்ஸி ஹில் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கப் போயிருந்தேன். கோல்பி ரோட்டில் ஒரு வீட்டுச் சுவரில் நீல நிற வட்டப் பலகை. அன்னி பெசன்ட் 1874-ல் அந்த வீட்டில் வசித்தார் என்று போட்டிருந்தது. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் பார்த்த பெயரை இங்கே பார்த்ததும் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன். இந்தியாவுக்கு வருவதற்கு 19 வருடம் முன்னால் இவர் இங்கே என்ன செய்துகொண்டிருந்தார்? அன்று தேட ஆரம்பித்ததுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 ஜூன் 17 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தன் கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணைக் குற்றவாளியாக நடத்தக் கூடாது என்ற திருத்தத்துக்கு 379 பேர் ஆதரவு, 137 பேர் எதிர்ப்பு. அவர்கள் மாற்ற நினைத்த சட்டம் 1861-ல் வந்தது. அந்த வாரம் எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குரூப்பில் பெரிய விவாதம். இது வெள்ளைக்காரர்கள் பிரச்சினை, நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒருத்தர் எழுதினார். நிறைய பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நம்ம ஊர் பஸ் பலகையில் பெயர் இருக்கும் இந்த அம்மாவின் கதைதான் என் பதில்.

முப்பது ஷில்லிங்

1847 அக்டோபர் 1 அன்று லண்டனில் பிறந்தார். பிறந்த வீட்டுப் பெயர் அன்னி வுட். ஐரிஷ் வேர் கொண்ட குடும்பம். அஞ்சு வயசில் அப்பா இறந்துவிட, ஹாரோ பள்ளியில் படித்த பையன்களுக்கு விடுதி நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார் அம்மா. எல்லன் மேரியட் என்ற வசதியான பெண்மணி அன்னியின் படிப்பை ஏற்றுக்கொண்டார். நன்றாகப் படித்த, பக்தி மிகுந்த பெண்ணாக வளர்ந்தார். 1867-ல், 20 வயதில், ஃபிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாரோடு கல்யாணம்.

கல்யாண வாழ்க்கையில் என்ன நடக்கும் என்று ஒரு சின்னக் குழந்தைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அன்று தனக்கும் தெரிந்திருந்தது என்று தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அம்மா பாசத்தோடு பொத்திப் பொத்தி வளர்த்தார். அதனால்தான் எதுவும் சொல்லவில்லை. இப்படி ஒன்றும் தெரியாமல் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம் என்பது பின்னாளில் அவருடைய உறுதியான கருத்து. நம்ம வீடுகளில் எத்தனை அம்மாக்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்கும்?

1869-ல் மகன் டிக்பி, 1870-ல் மகள் மேபல். 23 வயது நிறைவதற்குள் ரெண்டு பிள்ளைகள். நடுவில் அவர் எழுதிய ஒரு சிறுகதையைப் பத்திரிகை ஏற்று முப்பது ஷில்லிங் அனுப்பியது. வாழ்க்கையில் சொந்தமாகச் சம்பாதித்த முதல் காசு. மனைவி சம்பாதிப்பது கணவனுக்குச் சொந்தம் என்பது அந்தக் காலத்துச் சட்டம் என்று அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. தான் எழுதிய எழுத்துக்கு வந்த பணம் தன்னுடையது இல்லை. சட்டம் தன் வாழ்க்கைக்குள் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்ற முதல் பாடம் அது.

ரெண்டாவது பாடம் மேபல் வழியாக வந்தது. கைக்குழந்தை மேபலுக்குக் கக்குவான் இருமல் வந்து, பிழைக்குமா என்ற நிலைக்குப் போனது. வாரக்கணக்கில் ராத்திரி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை பிழைத்தது. அம்மாவின் நம்பிக்கை பிழைக்கவில்லை. ஒன்றும் அறியாத குழந்தையை இப்படி வதைக்கும் கடவுள் எப்படிப்பட்டவர் என்ற கேள்வி அவரை விடவே இல்லை. லிங்கன்ஷயரில் சிப்சி என்ற கிராமத்தில் கணவர் பாதிரியார். மனைவிக்கோ நற்கருணை வாங்க மனம் ஒப்பவில்லை. வழிபாட்டில் ஒழுங்காகக் கலந்துகொள், இல்லையென்றால் வீட்டை விட்டுப் போ என்ற நிலை வந்தபோது போவதைத் தேர்ந்தெடுத்தார். 1873-ல் பிரிந்து வாழும் ஒப்பந்தம் போட்டார்கள். மகன் அப்பாவிடம், மகள் அம்மாவிடம். அடுத்த வருடம்தான் அந்தக் கோல்பி ரோடு வீடு.

ஆறு பென்ஸ் புத்தகம்

1874-ல் சார்லஸ் பிராட்லாவைச் சந்தித்தார். நாத்திகர், தேசிய மதச்சார்பற்ற சங்கத்தின் தலைவர், பெரிய பேச்சாளர். கொஞ்ச நாளில் அன்னியும் மேடையேறி ஊர் ஊராகப் பேசத் தொடங்கினார். பெண்கள் பொது மேடையில் பேசுவதே அதிசயமாக இருந்த காலம்.

1877-ல் வந்தது அந்த வழக்கு. சார்லஸ் நோல்டன் என்ற அமெரிக்க டாக்டர் 1832-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருந்தார். கரு எப்படி உண்டாகிறது, உண்டாகாமல் தடுப்பது எப்படி என்பதை எளிமையாகச் சொல்லும் புத்தகம். அதற்காகவே அவர் அமெரிக்காவில் சிறை போனவர். இங்கிலாந்தில் அது பல வருடமாகச் சத்தமில்லாமல் விற்றுக்கொண்டிருந்தது. பிரிஸ்டலில் அதை விற்ற ஒரு புத்தகக் கடைக்காரருக்குத் தண்டனை கிடைத்ததும், அதுவரை பதிப்பித்தவர் பயந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார். பெசன்டும் பிராட்லாவும் நேர் எதிராகப் போனார்கள். சொந்தமாக ஒரு பதிப்பகம் தொடங்கி, அதே புத்தகத்தை ஆறு பென்ஸ் விலையில் அச்சிட்டு, எப்போது எங்கே விற்கப்போகிறோம் என்று போலீசுக்கே முன்கூட்டித் தகவல் கொடுத்துவிட்டு, தாங்களே கடையில் நின்று விற்றார்கள். கைதானார்கள். விசாரணை தொடங்குவதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேல் பிரதிகள் விற்றன. தடை செய்ய நினைத்த அரசாங்கமே இலவச விளம்பரம் கொடுத்துவிட்டது.

1877 ஜூன் 18 அன்று லண்டனில், தலைமை நீதிபதி காக்பர்ன் முன்னால் விசாரணை தொடங்கியது. குற்றச்சாட்டு, ஆபாசம். அரசுக்காக வாதாடியவர் சொலிசிட்டர் ஜெனரல். வக்கீல் யாரும் இல்லாமல் பெசன்ட் தன் வழக்கைத் தானே வாதாடினார். வயது 29. பெண்கள் வக்கீல் ஆகவே முடியாத நாட்டில், ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்த ஜூரி முன்னால் எழுந்து நின்று, கருத்தரிப்பைப் பற்றியும் கருத்தடையைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசினார்.

அவர் வாதத்தின் மையம் ரொம்ப எளிமையானது. இதே விஷயங்கள் விலை அதிகமான மருத்துவப் புத்தகங்களில் இருக்கின்றன. அவற்றை யாரும் தடுப்பதில்லை. பணக்காரர் தெரிந்துகொண்டால் அறிவு, ஆறு பென்ஸ் கொடுத்து ஏழை தெரிந்துகொண்டால் ஆபாசமா? வருடத்துக்கு ஒரு பிள்ளை பெற்றுச் சோர்ந்துபோன தொழிலாளிப் பெண்களையும், ஒரே அறையில் அடைந்து கிடக்கும் குடும்பங்களையும், பிறந்த வேகத்தில் சாகும் குழந்தைகளையும் ஜூரி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஜூரியின் தீர்ப்பு விசித்திரமானது. புத்தகம் ஒழுக்கத்தைக் கெடுக்கக்கூடியதுதான், ஆனால் வெளியிட்டவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்றார்கள். நீதிபதி அதைக் குற்றத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார். விற்பதை நிறுத்த மாட்டோம் என்று ரெண்டு பேரும் சொன்னதும், ஆளுக்கு ஆறு மாதம் சிறை, 200 பவுண்டு அபராதம். அப்பீல் செய்தார்கள். 1878 பிப்ரவரியில் தண்டனை ரத்தானது. எந்த வார்த்தைகள் ஆபாசம் என்பதைக் குற்றப்பத்திரிகையில் குறிப்பிடவில்லை என்ற தொழில்நுட்பக் காரணம். ஒருநாள்கூடச் சிறையில் இருக்கவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் வெற்றி.

மேபல்

சட்டத்துக்கு இன்னொரு கதவும் இருந்தது. தண்டனை ரத்தான கொஞ்ச நாளிலேயே ஃபிராங்க் பெசன்ட் கோர்ட்டுக்குப் போனார். நாத்திகம் பேசுபவள், ஆபாசப் புத்தகம் விற்றவள், இவளிடம் என் மகள் வளரக் கூடாது என்பது அவர் மனு. மேபலுக்கு அப்போது ஏழு வயது. ஸ்கார்லெட் காய்ச்சலில் படுத்திருந்தாள்.

1878 மே மாதம் நீதிபதி ஜார்ஜ் ஜெசல் தீர்ப்புச் சொன்னார். அம்மா பாசமாக இல்லை என்றோ, பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்றோ தீர்ப்பில் குறை இல்லை. அவருடைய கருத்துகளும் அவர் வெளியிட்ட புத்தகமும்தான் குற்றம். இப்படிப்பட்ட தாயோடு வளரும் பெண்ணை நல்ல சமூகம் சேர்த்துக்கொள்ளாது என்பது நீதிபதியின் கவலை. கையெழுத்துப் போட்ட பிரிவு ஒப்பந்தம் செல்லாமல் போனது. காய்ச்சலின் பலவீனம் போகாத குழந்தையை, கத்தக் கத்த, திமிறத் திமிறத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அம்மாவே கடுமையான காய்ச்சலில் விழுந்தார்.

1879-ல் அப்பீலிலும் மகள் கிடைக்கவில்லை. பார்க்கப் போக மட்டும் அனுமதி. ஒவ்வொரு சந்திப்பும் பிள்ளைகளை இன்னும் துன்பப்படுத்துகிறது என்று தெரிந்ததும், போவதையே நிறுத்திக்கொண்டார். வருடங்கள் கழித்து, சொந்தமாக முடிவெடுக்கும் வயது வந்ததும், டிக்பியும் மேபலும் தாங்களாகவே அம்மாவைத் தேடி வந்தார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பெண்ணின் உடம்பைப் பற்றிய சட்டம் என்றதும் நமக்குப் போலீஸும் சிறையும்தான் ஞாபகம் வருகின்றன. பெசன்டைச் சிறையால் தொட முடியவில்லை. அவர் பெற்ற பிள்ளை வழியாகத் தொட்டார்கள். கூட நின்ற பிராட்லாவும் அதே புத்தகத்தைத்தான் விற்றார். அவர் பிள்ளைகளை யாரும் பறிக்கவில்லை.

இதற்கு நடுவிலேயே பெசன்ட், நோல்டன் புத்தகத்துக்குப் பதிலாக மக்கள்தொகைச் சட்டம் என்ற பொருளில் தலைப்பிட்ட சொந்தப் புத்தகம் ஒன்றை எழுதினார். 1891-க்குள் அது 1,75,000 பிரதிகள் விற்றது. ஆஸ்திரேலியாவில் அதை விற்றவர் மீது ஆபாச வழக்கு வந்தபோது, அது ஆபாசம் இல்லை என்று 1888-ல் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரிட்டனில் பிறப்பு விகிதம் 1870களின் பிற்பகுதியில் இறங்கத் தொடங்கியது. அந்த வழக்கு மட்டுமே காரணம் இல்லை. ஆனால் சமையலறையில் கிசுகிசுத்த விஷயத்தை அது எல்லாப் பேப்பரிலும் வரவைத்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெசன்ட் கருக்கலைப்பு உரிமைக்காகப் போராடியவர் இல்லை. தடுப்பது வேறு, உண்டான கருவை அழிப்பது வேறு என்று பிரித்துப் பேசியவர். தடுக்கும் வழி தெரிந்தால் கருக்கலைப்பும் சிசுக்கொலையும் குறையும் என்பதே அவர் வாதம். ஏழைகள் அதிகம் பெறுவதுதான் வறுமைக்குக் காரணம் என்ற மால்தூசியக் கணக்கையும் அவர் நம்பினார். அந்தக் கணக்கு அரசாங்கத்தின் கையில் போனால் என்ன ஆகும் என்பதை, எமர்ஜென்சி காலத்தில் இந்தியாவில் நடந்த கட்டாயக் கருத்தடை ஆபரேஷன்களில் பார்த்தோம். பெறாதே என்று கட்டாயப்படுத்துவதும் பெற்றே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் எனக்கு ஒரே தவறாகத்தான் தெரிகின்றன.

அடையாறு

1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்தில் கூட நின்றார். 1889-ல் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். அங்கேதான் பெரிய திருப்பம். பிளவாட்ஸ்கி அம்மையாரின் போதனையில், புலனடக்கமே வழி என்ற முடிவுக்கு வந்து, 1891-ல் தன் கருத்தடைப் புத்தகத்தை இனி அச்சிடுவதில்லை என்று நிறுத்திவிட்டார். உரிமையை வேறு யாருக்கும் விற்கவும் மறுத்துவிட்டார். எந்தப் புத்தகத்துக்காகப் பெற்ற பிள்ளையை இழந்தாரோ, அந்தப் போராட்டத்தின் பலனைத் தானே முடக்கிக்கொண்டார்.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால், அவர் மனசு மாறியது அவருடைய உரிமை. சொலிசிட்டர் ஜெனரலால் முடியாததை அவர் மனசாட்சி செய்தது. இங்கேதான் வித்தியாசம் இருக்கிறது. ஒருவர் தனக்கு இது வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். அந்த முடிவைப் போலீஸை வைத்து அடுத்தவர் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

1893 நவம்பரில் கொழும்பு வழியாகத் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். 1907 முதல் சபையின் தலைவர், இருப்பிடம் அடையாறு. அங்கே வாழ்க்கை அவரை மறுபடியும் அதே மாதிரி ஒரு வழக்கில் நிறுத்தியது. ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பியையும் அவர்களுடைய அப்பா நாராயணய்யா 1910-ல் பெசன்டின் பொறுப்பில் விட்டார். பிறகு மனசு மாறி, பிள்ளைகளைத் திருப்பித் தரச் சொல்லி வழக்குப் போட்டார். இந்த முறையும் எதிர்ப்பக்கம் ஒரு அப்பா. இந்த முறையும் பெசன்ட் தானே வாதாடினார். 1913-ல் சென்னை உயர் நீதிமன்றம் அப்பா பக்கம் நின்றது. 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. பையன்களின் விருப்பத்தைக் கேட்காமலேயே வழக்கு நடந்திருக்கிறது என்பது அங்கே முக்கியமான புள்ளி ஆனது. 1878-ல் மேபலின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அந்த அப்பாவின் பக்கமும் நியாயம் இருந்தது என்பது என் கருத்து. ஒரு தாயாகத் தான் பட்ட வலியை, தெரிந்தோ தெரியாமலோ, ஒரு தகப்பனுக்கு அவர் கொடுத்திருக்கிறார்.

1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். அதே வருடம் ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டு, விடுதலையாகி, காங்கிரஸ் தலைவரும் ஆனார். நம்ம பாடப்புத்தகம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 1933 செப்டம்பர் 20 அன்று அடையாறில் காலமானார். அந்தக் காலகட்டத்தில் கருத்தடையைப் பற்றித் தமிழ்நாட்டில் உரக்கப் பேசியவர் பெரியார். நாட்டு வறுமைக்காகவோ தாயின் உடல்நலத்துக்காகவோ மட்டும் இல்லை, பெண் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்றார். பெசன்ட் நிறுத்திய இடத்துக்கு அப்பால் போன வாதம் அது.

கையெழுத்து யாருடையது

இனி வாட்ஸ்அப் நண்பருக்கு. இது வெள்ளைக்காரர்கள் பிரச்சினையா? இங்கிலாந்தின் சட்டம் 1861. இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு 1860-ல் பிரிட்டிஷ்காரர்கள் எழுதியது; தன் கருவைத் தானே கலைக்கும் பெண்ணும் அதில் குற்றவாளி. இப்போது அது புதிய சட்டத்தில் 88-வது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. இலங்கையின் தண்டனைச் சட்டம் 1883. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் அங்கே இன்றும் அனுமதி. மூன்றும் ஒரே ஆட்சி, ஏறக்குறைய ஒரே தலைமுறையில் போட்ட சட்டங்கள். நம் பாட்டிகளுக்கும் இங்கிலாந்துப் பாட்டிகளுக்கும் விலங்கு ஒரே பட்டறையில் செய்யப்பட்டது.

நல்ல மாற்றங்களும் உண்டு. பிரிட்டனில் 1967 சட்டம் ரெண்டு டாக்டர்களின் கையெழுத்தோடு கருக்கலைப்பை அனுமதித்தது. 1978-ல் ஒரு கணவர் தன் மனைவியின் கருக்கலைப்பைத் தடுக்க இங்கிலாந்து நீதிமன்றம் போனார். கணவனுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று தீர்ப்பு வந்தது. மேபலைத் தூக்கிக்கொண்டு போனதற்குச் சரியாக நூறு வருடம் கழித்து. இந்தியாவின் 1971 சட்டப்படியும் வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். 2022-ல் இந்திய உச்ச நீதிமன்றம், கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் அதே 24 வார வரம்பு பொருந்தும் என்றது.

சட்டம் இப்படிச் சொன்னாலும், ஊரில் பல ஆஸ்பத்திரிகளில் இன்றும் கணவர் கையெழுத்தைக் கேட்கிறார்கள். இங்கே மட்டும் என்ன? டிபென்டன்ட் விசாவில் வந்து, ஆங்கிலம் தடுமாறும் ஒரு பெண் டாக்டரிடம் போகும்போது, அவளுக்காகப் பேசுவது பெரும்பாலும் கூட உட்கார்ந்திருக்கும் கணவர்தான். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் அவள் தனியாக என்ன சொல்லியிருப்பாள் என்று டாக்டருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே கேட்கலாம். அதை அவளிடம் சொல்லிக் கொடுங்கள். வயதுக்கு வரும் மகளிடமும் மகனிடமும் உடம்பைப் பற்றித் தமிழிலேயே பேசுங்கள். 1867-ல் அன்னியின் அம்மா பாசத்தால் செய்த தவறை நாம் திரும்பச் செய்ய வேண்டாம்.

கருக்கலைப்பு சரியா தவறா என்பதில் உங்களுக்கும் எனக்கும் வேறு கருத்து இருக்கலாம். பெசன்டுக்கே இருந்தது. அந்தக் கருத்தை வைத்து ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்பலாமா, அவள் பிள்ளையைப் பறிக்கலாமா என்பது தனிக் கேள்வி. அதற்கு என் பதில், கூடாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெசன்ட் நகர் கடற்கரையில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே, உங்கள் பிள்ளைகளுக்கு மேபலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.